கோண்டாவில் வீட்டில் 13 வருடங்கள்: எந்த விரிப்பு எவ்வளவு காலம் உழைத்தது

2012ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முன்னர், வீட்டுத் திருத்த வேலைகள் முடிந்து வரவேற்பறைக்கு மாபிள் பதித்த கையோடு, எங்கள் வீட்டின் முதலாவது தரைவிரிப்பை வாங்கினேன். அன்றிலிருந்து வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு விரிப்புக்கும் வாங்கிய திகதி, விரித்த இடம், கழுவிய நாட்கள், கழித்துவிட்ட நாள் ஆகியவற்றை வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் குறித்து வருகிறேன். அண்மையில் புதுவீடு குடிபுகுந்த தம்பியின் மகள், "மாமி, ஒரு காப்பற்றை எத்தனை வருஷத்துக்குப் பாவிக்கலாம்?" என்று கேட்டபோது, ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் அந்தக் கொப்பியையே எடுத்துக் கொடுத்தேன். கடையில் சொல்லப்படும் பத்து வருடக் கணக்கு விரிப்பின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படுவது. என் கொப்பியில் உள்ளவற்றுள் பெரும்பாலானவற்றின் ஆயுளை முடித்து வைத்தது அவற்றின் முதுகுதான்.

எங்கள் இடத்தின் இயல்பை முதலில் சொல்ல வேண்டும். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கமெல்லாம் செம்மண். வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால், யன்னல்களை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் அந்த மண் நுண்ணிய தூளாக உள்ளே வந்து படிந்துவிடும். இரும்பு ஒட்சைட்டு அதற்கு நிறம் கொடுப்பதால், ஈரமான பருத்தி நாரிலோ கம்பளி நாரிலோ ஒருமுறை ஏறிய செந்நிறம் எவ்வளவு தேய்த்தாலும் முழுமையாகப் போவதில்லை. தூளுடன் சேர்ந்து வரும் மணற் துணிக்கைகள் இன்னும் கெட்டவை. அவை நார்களுக்கு இடையே இறங்கி அடியில் தங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் நார்களை அடியோடு அறுக்கின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் உறவினர்கள் எங்களோடு தங்குவது வழக்கமாகையால், கோயில் வீதி மணல் ஒட்டிய வெறுங்கால்களோடு பலர் நடமாடும் அந்த ஒரு மாதத்தின் தேய்மானம் மற்ற மாதங்கள் பலவற்றுக்குச் சமம் என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அதன் பின்னர் ஐப்பசியில் தொடங்கும் மாரி வந்துவிட்டால், நனைந்த எதுவும் நாட்கணக்கில் காயாது.

அந்த முதலாவது விரிப்பு ஐந்தடிக்கு ஏழடி அளவில், பொலிபுரொப்பிலீன் நூலால் இயந்திரத்தில் நெய்யப்பட்டது. அதன் நற்குணங்களை மறைக்க மாட்டேன். அந்த நூல் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. தேநீர் கொட்டினால் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். சாயம் நூல் இழுக்கப்படும் முன்பே கலக்கப்பட்டிருந்ததால், எத்தனை முறை கழுவியும் அதன் நிறம் வடியவில்லை. ஆனால் மிதிபட்ட பின் நிமிர்ந்து எழும் தன்மை அந்த நூலுக்குக் குறைவு. வாசலில் இருந்து குசினிக்குப் போகும் வழியில் கிடந்த பகுதி மூன்றாம் வருடத்திலேயே ஒற்றையடிப் பாதைபோலப் படிந்துவிட்டது. செற்றியின் கால்கள் பதிந்த குழிகள் அதன் பிறகு எழவே இல்லை. அதுவரை விரிப்பைத் திசைமாற்றிப் போட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. 2015இல் தலைப்பையும் அடியையும் மாற்றிப் போட்ட பின்னர், எஞ்சிய காலத்தில் தேய்மானம் இரு பக்கத்துக்கும் பகிர்ந்தது. முதல் வருடத்திலிருந்தே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்திருந்தால் அந்தப் பாதை விழுந்திருக்காது என்று நம்புகிறேன்.

அதை முடித்தது தேய்மானம் அல்ல. 2017 மாரியில் யன்னல் வழியாக அடித்த சாரலில் ஒரு மூலை நனைந்தது. மேற்பக்கம் உடனே காய்ந்துவிட்டதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முதுகில் குறுக்கே ஓடிய இழைகளோ சணல். சணல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஈரமாக இருக்கும்போது அதன் வலுவும் குறையும். அடுத்த வருடம் புரட்டிப் பார்த்தபோது அந்த மூலையில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது, இழைகள் விரலால் இழுக்க அறுந்தன. 2018 ஐப்பசியில் அதைக் கழித்தேன். ஆறு வருடமும் ஒன்பது மாதமும் உழைத்திருக்கிறது. வாங்கிய பணத்துக்கு அது குறையில்லாத கணக்கு.

எனக்கு உண்மையான மனவருத்தத்தைத் தந்தது இரண்டாவது விரிப்பு. 2014இல் அக்கா ரொறன்ரோவில் இருந்து வந்தபோது கொண்டுவந்து தந்த கம்பளி விரிப்பு அது. தடிப்பானது, பாதத்துக்கு மெத்தென்றது, பார்ப்பவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். கம்பளி என்பதால் தலைமுறைக்கும் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஐந்தாம் வருடம், கூட்டும்போது விரிப்பின் அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் மாவு போன்ற தூள் கிடக்கக் கண்டேன். முதலில் சீமெந்துத் தூள் என்றும், பிறகு ஏதோ பூச்சி அரித்த தூள் என்றும் எண்ணினேன். பின்னர்தான் அதன் அமைப்பை விளங்கிக்கொண்டேன். கையால் முடிச்சிடப்பட்ட கம்பளத்தில் ஒவ்வொரு கம்பளித் துண்டும் பாவு நூலைச் சுற்றி முடியப்பட்டிருக்கும்; அக்கா தந்ததிலோ கம்பளி நூல் ஒரு துணிக்குள் கருவியால் குத்திச் செருகப்பட்டு, பின்புறம் இறப்பர்ப் பாலில் செய்த பசை பூசி, அதன்மேல் இன்னொரு துணி ஒட்டப்பட்டிருந்தது. நூலைப் பிடித்து வைத்திருப்பது பசை மட்டுமே. அந்தப் பசை காற்றோடும் வெப்பத்தோடும் சேர்ந்து காலப்போக்கில் இறுகி, வெடித்து, தூளாக உதிரும். எங்கள் பங்குனி, சித்திரை வெக்கையில் அது இன்னும் விரைவாக நடக்கிறது. போதாததற்கு அதை வெயிலில் போட்டால் நல்லது என்று நினைத்து நானே முற்றத்தில் விரித்துக் காயவைத்து வந்திருக்கிறேன்.

2020 மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயலோடு பெய்த மழையில் விறாந்தையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. ஓர் இரவு முழுவதும் அந்த விரிப்பு நனைந்து கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் அதைத் தூக்க முடிந்தது. கதிரைகளின் மேல் போட்டு, காற்றாடியைச் சுழலவிட்டு எட்டு நாட்கள் காயவைத்தும், இறப்பரும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு புளித்த மணம் போகவில்லை. பின்துணி தனியே கழன்று தொங்கியது. செற்றிக்கு அடியில் வெளிச்சமோ காற்றோ படாமல் இருந்த பகுதியை அந்துப்பூச்சியின் புழுக்கள் வட்டம் வட்டமாகத் தின்றிருந்ததையும் அப்போதுதான் கண்டேன். 2021 தையில் அதை வெட்டி எறிந்தபோதும் அதன் முகத்தில் பூக்கள் புதிதுபோலவே இருந்தன. ஆறரை வருடம். ஆகவே விலைகூடிய கம்பளி விரிப்பு வாங்குபவர்கள் கடையிலேயே அதன் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். பின்புறத்திலும் முகப்பில் உள்ள கோலம் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரிந்தால் அது பல பத்தாண்டுகளுக்கான பொருள். துணி ஒட்டி மூடப்பட்டிருந்தால், முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது பசையின் ஆயுளுக்கு மட்டுமே உரியது.

கதவடிக் கால்மிதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தும்புக் கயிற்றைப் பின்னிச் செய்ததும், பிளாஸ்ரிக் முதுகில் தும்பை ஒட்டியதும் ஆக இரு வகையையும் மாற்றி மாற்றிப் பாவித்திருக்கிறேன். தென்னந்தும்பு இலகுவில் உக்காது. பின்னிய கால்மிதியை உதறி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மதிலில் போட்டுக் காயவைக்கலாம். கூரைக்குக் கீழ் இருந்தால் இரண்டு வருடம் தாராளமாகப் போகும். பிளாஸ்ரிக் முதுகுள்ளது ஒரு வருடம் கடந்ததும் தும்பை உதிர்க்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டு மேசைக்குக் கீழே போட்ட சணல் விரிப்பு பதினெட்டு மாதத்தில் குழம்புக் கறையோடு முடிந்தது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் பழுப்பு வளையம் விழுந்ததால், நான் மறுபடி அதை வாங்கப் போவதில்லை. குளியலறை வாசலில் போடும் இறப்பர் முதுகுத் துணிமிதியை வருடந்தோறும் மாற்றிவிடுகிறேன்.

இவற்றோடு எங்கள் வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அம்மா 1979இல் தமிழ்நாட்டு யாத்திரை போய்த் திரும்பியபோது வாங்கிவந்த பவானி ஜமுக்காளம். ஈரோடு மாவட்டத்துப் பவானியில் தடித்த பருத்தி நூலால் அகன்ற நிறப் பட்டைகளாக நெய்யப்படுவது. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் அதையே சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனோம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஏழு பேர் அதன்மேல் படுத்தோம். 45 வருடத்துக்கு மேலாகியும் ஓரத்து நூல்களும் இரண்டு சிறு கிழிசல்களும் தவிர அதற்குக் குறையில்லை. தினமும் மிதிபடும் விரிப்போடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். நாள் விசேடங்களுக்கும் விருந்தினருக்கும்தான் அது விரிக்கப்பட்டது. ஆனால் அதில் பசை இல்லை, ஒட்டிய முதுகு இல்லை, இரு பக்கமும் ஒன்றே. கிணற்றடியில் போட்டுக் கழுவினால் வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும், கிழிந்தால் ஊசியால் தைக்கலாம். வெறும் நிலத்தில் மாதக்கணக்கில் விட்டுவிட்டால் கறையான் ஏறும் என்பது ஒன்றுதான் அதற்கு ஆபத்து.

கழுவுதலைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவதால் வன்மையானது. கட்டிச் சவர்க்காரம் அதில் நுரைக்காமல் சுண்ணத்தோடு சேர்ந்து கரையாத படிவாக மாறி நார்களில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பின் விரிப்பு விறைத்துப்போவதும், முன்னரைவிட விரைவாக அழுக்குப் பிடிப்பதும் அதனால்தான். சலவைத் தூளைக் குறைவாகப் போட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுவதே நல்லது. அதைவிட நல்லது, கழுவும் தேவையையே குறைப்பது. வாரத்துக்கு இருமுறை விரிப்பைப் புரட்டிப் போட்டு முதுகில் தட்டினால் விழும் மணலைப் பார்த்தால், மேலால் மட்டும் கூட்டுவது எவ்வளவு போதாது என்று விளங்கும். வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளைகள் இருந்தால் தடித்த நார் விரிப்பே வேண்டாம் என்பேன். ஈரலிப்பான எங்கள் காற்றில் தூசிச் சிற்றுண்ணிகள் அதற்குள் நன்றாகப் பெருகும்.

எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு, என் கொப்பியின்படி எங்கள் பக்கத்தில் நடமாட்டமுள்ள அறையில் இயந்திர விரிப்புக்கு ஐந்து தொடக்கம் ஏழு வருடம் என்றும், பசை முதுகுக் கம்பளிக்கும் ஏறக்குறைய அவ்வளவே என்றும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் வருடத்தை விட வேறு அடையாளங்களையே நான் நம்புகிறேன். விரிப்பை மடித்துப் பிடித்தால் நார்களுக்கு இடையே அடித்துணி தெரிகிறதா, அடியில் தூள் விழுகிறதா, காய்ந்த பின்னும் மணம் இருக்கிறதா, ஓரம் சுருண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாளும் தவணை கொடுக்கக் கூடாது. முதலாவது விரிப்பின் ஓரம் சுருளத் தொடங்கிய நாட்களில், மேசையின் காலை மேலே வைத்து அதைச் சமாளித்து வந்தேன். ஒருநாள் அம்மா அதில் கால் இடறி, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினார். "பிள்ளை, அதைச் சுருட்டி அங்கால வை" என்று மட்டும் சொன்னார். அப்போது அவருக்கு 78 வயது. விழுந்திருந்தால் இடுப்பெலும்பு என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது.

2021 சித்திரையில் வரவேற்பறைக்குக் கைத்தறியில் நெய்த தட்டையான பருத்தி விரிப்பொன்றை வாங்கினேன். அடியில் வழுக்காமல் இருக்க மெல்லிய வலை விரிப்பும் போட்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசைமாற்றுகிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபக்கம் புரட்டுகிறேன், ஐப்பசி பிறந்ததும் கழுவிக் காயவைத்துச் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, தை பிறந்த பின்னரே மீண்டும் விரிக்கிறேன். மாரி முழுவதும் வரவேற்பறை வெறும் மாபிளாகவே இருக்கும். நாலு வருடம் கடந்துவிட்டது. நிறம் சற்று மங்கியிருக்கிறது, வாசற்பக்க ஓரத்தில் நூல் பிரிந்த ஒரு சாண் இடத்தைப் போன மாதம் தைத்தேன். முதுகு நன்றாக இருக்கிறது.