ஞாபகசக்தி மாத்திரைகள்: விளம்பரத்தில் சொல்வது ஒன்று, டப்பாவில் இருப்பது வேறு

ஞாபகசக்தியைப் பெருக்கும் என்று சொல்லித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் விற்கப்படும் ஊட்டச்சத்து மாத்திரைகளை வீட்டுப் பெரியவர்களுக்காக வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. கும்பகோணத்தில் இருக்கும் என் அப்பா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்கும், ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கும் மாத்திரை சாப்பிட்டு வருபவர். தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில், காலை ராசிபலனை அடுத்து வரும் அரைமணி நேர விளம்பரத்தைப் பார்த்து, திரையில் ஓடிய எண்ணை அழைத்து, மூன்று மாத ‘கோர்ஸ்’ ஒன்றை 7,470 ரூபாய்க்கு வரவழைத்தார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வியாபாரத்தை வேறு வேறு பெயர்களில் நடத்துபவர்கள் ஏராளம் என்பது இன்னொன்று.

அந்த விளம்பரத்தில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், மூளைப் படம் ஒன்றைக் காட்டி, சாம்பல் நிறத்தில் இருக்கும் பகுதிகள் மாத்திரை உள்ளே போனதும் ஆரஞ்சு நிறமாக மாறுவதை விளக்குகிறார். மறதி நோய் வேரோடு போய்விடும் என்கிறார். அவர் எந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர், என்ன படித்தவர் என்பது எங்கும் வருவதில்லை. திரையின் அடியில் மட்டும், படிக்கத் தொடங்கும் முன்பே மறைந்துவிடும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடுகிறது. பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும், இது மருந்து அல்ல என்பதே அதன் சாரம். தொலைபேசியில் பேசிய பெண்ணோ இன்னும் ஒரு படி மேலே போனார். “ஐயா, டாக்டர் குடுக்குற மாத்திரையோட சேர்த்தே சாப்பிடலாம், பக்கவிளைவே கிடையாது. மூணு மாசம் விடாம எடுங்க, மாற்றம் தெரியலைன்னா முழுப் பணத்தையும் திருப்பித் தந்துடுவோம்” என்று அவர் சொன்னது அப்பாவின் கைப்பேசியில் தானாகவே பதிவாகியிருந்தது. பிற்பாடு எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் பதிவுதான்.

டப்பாவை எடுத்துப் பார்த்தபோது, விளம்பரத்தில் கேட்ட எதையுமே அதில் காண முடியவில்லை. மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல, எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உரியதல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். மறதி நோய் என்ற பேச்சே இல்லை. ‘அறிவாற்றல் நலனுக்குத் துணை’ என்ற பொருளில், எப்படி வேண்டுமானாலும் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு தொடர் மட்டும் இருந்தது. உணவுப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் மத்திய அரசு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையும் அதன் 14 இலக்க உரிம எண்ணும் இருந்தன. அதைக் காட்டித்தான் தொலைபேசிப் பெண் ‘அரசாங்க அங்கீகாரம்’ என்று சொல்லியிருந்தார். அது உணவுப் பொருள் தயாரிக்கவும் விற்கவும் தரப்படும் உரிமம்; அந்த மாத்திரை ஞாபகத்தை வளர்க்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல.

இந்த இரட்டைப் பேச்சு கவனக்குறைவால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்தக் கோளாறுகளைத் தீர்ப்பதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற அந்தப் பட்டியலில், மூளைத் திறனைக் கூட்டுவதும் ஞாபகசக்தியை வளர்ப்பதும் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கின்றன. மருந்தாக விற்றால் அங்கே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் உணவாக விற்கிறார்கள். உணவாக விற்றால் நோயைக் குணப்படுத்தும் என்று எழுதக் கூடாது என்பதால் டப்பாவைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் திரையிலும் தொலைபேசியிலும் சொல்லிவிடுகிறார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் நீட்டுவதற்கு டப்பா இருக்கிறது. தொலைபேசியில் பேசியதற்கு வாங்கியவரிடம் பெரும்பாலும் ஆதாரம் இருக்காது.

பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதமும் இதே ரகம்தான். டப்பாவுடன் வந்த துண்டுச்சீட்டில், முழுப் பலன் தெரிய 90 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்று முன்பக்கத்திலும், பணம் கோரும் விண்ணப்பம் பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் வந்து சேர வேண்டும், முத்திரை உடைத்த டப்பா ஏற்கப்படாது என்று பின்பக்கத்திலும் இருந்தது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து நிறைவேற்றக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் இருக்க முடியாது.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரமூட்டியது வேறு. டப்பாவின் மேல் வல்லாரை இலையைப் படமாகப் போட்டிருந்தார்கள்; உட்பொருள் பட்டியலில் வல்லாரையே இல்லை, நீர்ப்பிரமி என்ற வேறொரு மூலிகையும், ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாறும்தான் இருந்தன. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது பட்டியலைப் பார்த்த மருத்துவர், ஸ்டென்ட்டுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுபவர் ஜிங்கோவையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம் என்று சொல்லி உடனே நிறுத்தச் சொன்னார். கூடவே ரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார். பி12 வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு இப்படிக் குறைவது உண்டாம். மறதிக்கு எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களில் பி12 குறைவும் தைராய்டு குறைவும் அடங்கும், அவற்றை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலையில், ‘கோர்ஸ் முடியட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம்’ என்று அப்பா காத்திருந்த மாதங்களுக்கு யார் பொறுப்பு?

ஜிங்கோவைப் பற்றி ஆராயாமலும் இல்லை. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் ஜிங்கோவும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கவனித்து, 2008இல் வெளியான ஆய்வு, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று கண்டது. அப்பா வாங்கிய மாத்திரையில் இருந்தது 60 மில்லிகிராம்.

மாத்திரை விளம்பரங்களில் வரும் ‘அமெரிக்காவில் ஆய்வு செய்யப்பட்டது’ என்ற சொற்றொடரை நம்பலாமா என்பவர்களுக்கு, அந்த நாட்டு வழக்கு ஒன்றையே சொல்லலாம். ஜெல்லி மீனில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு புரதத்தைக் கொண்ட பிரெவஜென் என்ற மாத்திரை, ஞாபகத்தைக் கூட்டுவதாக அங்கே பெரிதாக விளம்பரம் செய்யப்பட்டது. 2017 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் அதன் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனம் காட்டிய சொந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 218 பேர். மொத்தமாகப் பார்த்தபோது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்கள் மேம்பட்டதாகத் தெரியவில்லை. அதன்பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட விதங்களில் அதே தரவை மீண்டும் கூறுபோட்டுத் தேடி, அதில் தட்டுப்பட்ட சிலவற்றை வைத்து விளம்பரம் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அத்தனை கூறுகளாகப் பிரித்தால் ஏதாவது ஒன்றில் தற்செயலாக நல்ல எண் கிடைத்தே தீரும். ஞாபகத்தை மேம்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களை நிறுத்தும்படி நீதிமன்றம் ஆணையிட்டது 2024 டிசம்பரில்தான். அதுவரை அந்த மாத்திரை தாராளமாக விற்றது.

நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். 2022இல் வந்த வழிகாட்டு நெறிகள், பொறுப்புத் துறப்பு வரி விளம்பரம் சொல்லப்பட்ட அதே மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் மறுக்கும் அந்தப் பொடி எழுத்து அந்த இடத்திலேயே அடிபடுகிறது. நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, அதுவரை போனையே எடுக்காத நிறுவனம் தானாக அழைத்து, உடைக்காத இரண்டு டப்பாக்களுக்கு மட்டும் பணம் தந்தது. மீதிக்கும், சிகிச்சை தள்ளிப்போனதற்கும் இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் டப்பாவை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. அது நிறுவனத்துக்குச் சாதகமான சாட்சி. விளம்பரம் அடுத்த முறை ஓடும்போது அடியில் வரும் வரியும் தெரியும்படி கைப்பேசியில் படம்பிடித்து, தேதியையும் சேனல் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசிப் பதிவு, கூரியர் ரசீது, துண்டுச்சீட்டின் இரண்டு பக்கம் ஆகியவற்றையும் மனுவோடு சேருங்கள். மாத்திரையின் உட்பொருள் பட்டியலை மட்டும் மனுவுக்குக் காத்திராமல் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.