தேக்கங்கன்று வாடினால்: ரால்ஸ்டோனியா சோதனைப் பட்டி

செடியின் சாற்றில் நோய்க்கிருமி உள்ளதா என்று கோடு காட்டிச் சொல்லும் அக்டியா நிறுவனத்தின் இந்தப் பட்டி வன்னிப் பகுதியின் தேக்கு நாற்றுமேடைகளுக்குப் பிரயோசனம். ஏ9 வீதியோர முதுமரங்களுக்கு அவ்வளவாக இல்லை. அது காட்டுவது கன்றை வாடவைக்கும் ரால்ஸ்டோனியா பக்டீரியாவை மட்டும். வேம்பில் பிசின் வடிகிறது, மருதின் அடி உக்குகிறது என்று இதை வாங்கினால் காசுதான் நட்டம்.

முதலில் செலவில்லாத வழி. வாடிய தண்டைக் குறுக்கே வெட்டி, கிளாஸில் தெளிந்த தண்ணீர் விட்டு நுனி படத் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல்போல இறங்கினால் பக்டீரியா. அது ரால்ஸ்டோனியாவா என்று சொல்லத்தான் பட்டி.

பழுப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் சுமார் 0.15 கிராம் வெட்டி, பட்டியோடு வரும் கரைசல் பையில் நசுக்கி, பட்டியின் நுனியை மட்டும் அமிழ்த்தி 30 நிமிடம் விடவும். இரண்டு கோடென்றால் நோய். பட்டி வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் அந்தப் பட்டி பழுது. காய்ந்த குச்சியை எடுத்தால் நோய் இருந்தும் காட்டாமல் போகலாம். வெட்டிய துண்டின் அளவு கூடினால் சாறு தடித்து மேலேறாது. கன்றுக்குக் கன்று கத்தியை 70% அற்ககோலால் துடையுங்கள், இல்லாவிட்டால் சோதிப்பவரே நோயைப் பரப்புவார்.

பெரிய குறை சேமிப்பு. பட்டிகளைக் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கவேண்டும். எங்கள் வெயிலில் மோட்டார் சைக்கிள் பையில் கொண்டு திரிய ஏலாது. பட்டிகள் உள்ள குப்பியைத் திறந்தால் உடனே மூடவும், ஈரம் பட்டால் கெட்டுவிடும்.