அம்பேத்கர் கதையா, பக்கத்து வீட்டுக் கதையா?

பிள்ளைகளுக்குச் சாதி, சமத்துவம் பற்றிச் சொல்லித்தர எதை வாங்குவது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தலைவர்களின் வாழ்க்கைக் கதையா, சாதாரணக் குழந்தைகள் வரும் படக்கதையா?

விலை: வாழ்க்கைக் கதையைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். படக்கதைகள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே இலவசம், அச்சிட்டும் கொள்ளலாம்.

வயது: படக்கதையை 4 வயதில் தொடங்கலாம். வாழ்க்கைக் கதைக்கு 8 ஆகட்டும்.

மனதில் நிற்பது: இதில் வாழ்க்கைக் கதைதான். மகாராஷ்டிரத்தின் சதாராவில் படித்த சிறுவன் பீமாராவ், அதாவது அம்பேத்கர், வகுப்பில் உட்கார வீட்டிலிருந்து சாக்கு கொண்டுபோக வேண்டியிருந்தது. பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். 1901இல் அப்பாவைப் பார்க்கப் போகும்போது, மசூர் ரயில் நிலையத்தில் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இதைக் கேட்ட குழந்தை "ஏன்?" என்று கேட்காமல் இருக்காது. அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள்.

குறை: வாழ்க்கைக் கதை மட்டும் என்றால் "அதெல்லாம் அந்தக் காலம்" என்று பிள்ளை நினைத்துவிடும். படக்கதையில் சக்கர நாற்காலியில் வரும் சிறுமி எல்லாரோடும் விளையாடுகிறாள், சிரிக்கிறாள், வேறுபாடு இயல்பாகிறது. ஆனால் அநீதி என்ற பேச்சே வராமல் போகலாம்.

சரி, பால்வாடிப் பிள்ளைக்குப் படக்கதை. மூன்றாம் வகுப்பு தாண்டியதும் அம்பேத்கர். வகுப்பு நூலகத்துக்கு இரண்டும் வேண்டும். பணம் குறைவென்றால் வாழ்க்கைக் கதையை வாங்கி, படக்கதைகளை அச்சிட்டுக்கொள்ளுங்கள்.