ஒரு நாள் புளிப்பா, ஒன்றரை வருஷப் புளிப்பா? வீட்டில் சோர் பீர் காய்ச்ச நான்கு வழிகள்

எங்கள் வீட்டு கராஜில் ஒரு கண்ணாடிக் கார்பாய், அதாவது பெரிய குடுவை, பதினான்கு மாதமாகப் போர்வை சுற்றி நிற்கிறது. உள்ளே 20 லிட்டர் பீர். மேலே பாலாடை போலச் சுருங்கிய வெள்ளைப் படலம், நடுவில் இரண்டு மூன்று கொப்புளங்கள். பக்கத்து அலமாரியில், ஆறு வாரத்துக்கு முன்னால் காய்ச்சிய இன்னொரு புளிப்பு பீர் பாட்டில்களில் இருக்கிறது. இரண்டிலும் போட்டது ஒன்றுதான்: முளைகட்டி உலர்த்திய பார்லி (மால்ட்), கோதுமை, கசப்புக்குக் கொஞ்சம் ஹாப்ஸ் பூ. புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரை (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) வைத்தால் இரண்டும் 3.3 காட்டுகின்றன. ஆனால் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பானம்.

இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம். அதனால் இங்கே பழகுகிறவர்கள் நிறைய. சாதாரண பீர் கைக்கு வந்ததும் அடுத்து எல்லோரும் கேட்பது, புளிப்பு பீர், அதாவது சோர் பீர், எப்படி என்பதுதான். நான்கு வழிகளையும் நான் செய்து பார்த்துவிட்டேன். எதில் என்ன கிடைக்கும், எதற்கு என்ன விலை என்று சொல்கிறேன்.

முதல் வழி கெட்டில் சோர். மால்ட்டை வெந்நீரில் ஊற வைத்து வடித்த இனிப்புச் சாறு, அதாவது வோர்ட், அதைக் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டு 35 டிகிரிக்கு ஆற்றி, லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவைச் சேர்ப்பது. தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். பாலுக்குப் பதில் மால்ட் சாறு, அவ்வளவே. மருந்துக்கடையில் கிடைக்கும் புரோபயாடிக் மாத்திரைகளில் லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் மட்டும் உள்ளதைப் பார்த்து வாங்கினாலே போதும். ஹாப்ஸ் மட்டும் இப்போது போடக்கூடாது. இந்த பாக்டீரியாவுக்கு ஹாப்ஸ் ஆகாது, கொஞ்சம் இருந்தாலும் புளிக்காமல் நின்றுவிடும். 24 முதல் 48 மணி நேரத்தில் பி.எச். 3.3 பக்கம் இறங்கும். அப்புறம் மறுபடி கொதிக்க வைத்து பாக்டீரியாவைக் கொன்று, ஹாப்ஸ் போட்டு, ஆற்றி, சாதாரண ஏல் ஈஸ்ட் போட்டால் மூன்று நான்கு வாரத்தில் பீர் தயார்.

இதில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். பாக்டீரியாவைப் போடுவதற்கு முன்பே லாக்டிக் அமிலம் சில துளி விட்டு பி.எச்.சை 4.5க்குக் கொண்டு வந்துவிட வேண்டும். கெட்ட பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பில் தலையெடுக்காது, நுரையும் நன்றாக நிற்கும். அதோடு பாத்திரத்தின் மேல் காற்றுப் படாமல் பிளாஸ்டிக் உறையைச் சாற்றின் மேலேயே ஒட்டினாற்போல் விரிக்க வேண்டும். முதல் தடவை இரண்டையும் விட்டுவிட்டேன். மறுநாள் மூடியைத் திறந்தபோது வந்தது குழந்தை கக்கிய பாலின் வாடை. பியூட்ரிக் அமிலம் அது. எவ்வளவு கொதிக்க வைத்தும் போகவில்லை, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று.

சரி, ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும்? எலுமிச்சை பிழிந்த மாதிரி சுத்தமான, நேரான புளிப்பு. ராஸ்பெரியோ மாம்பழக் கூழோ சேர்க்க அருமையான அடித்தளம். கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்த்தால் ஜெர்மனியின் கோஸ்லாரிலும் லைப்சிக்கிலும் காய்ச்சும் கோஸ பீருக்குப் பக்கத்தில் வரும். வெயில் நாளில் இதற்கு ஈடில்லை. ஆனால் இரண்டாவது கிளாசில் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இருக்காது. பெர்லினர் வைஸ என்ற பெயரில் இன்று பலரும் விற்பது இதைத்தான். பழைய பெர்லின்காரர்களின் வைஸவில் லாக்டோபாசில்லஸோடு பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் இருந்தது. பெர்லினில் ஷ்னேயூலெ போன்ற சின்ன மதுவடிப்பகங்கள் இப்போது அதைத்தான் மீட்டெடுத்துச் செய்கின்றன. கெட்டில் சோரில் விட்டுப்போவது எது என்பதற்கு இதுவே பதில்.

இரண்டாவது வழி இன்னும் சுலபம். லாக்கன்சியா என்ற ஈஸ்ட் வகை தானே லாக்டிக் அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துத் தரும். பிலடெல்பியாவில் இயற்கையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு ரகத்தை லாலமண்ட் நிறுவனம் ‘பிலி சோர்’ என்று உலர் பாக்கெட்டாக விற்கிறது. இரண்டு முறை கொதிக்க வைக்கும் வேலை இல்லை, பாக்டீரியாவே இல்லாததால் மற்ற பீர்களுக்குத் தொற்றும் என்ற பயமும் இல்லை. பாக்கெட்டைப் பிரித்துத் தூவினால் முடிந்தது. கெட்டில் சோர் அளவுக்குக் கூர்மை வராது, கொஞ்சம் பீச் பழ வாசனை வரும். அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு வாளியை வைத்துக் காய்ச்சுகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி மூன்றாவது. என் மனசு இருப்பது இதில்தான்.

கலப்பு உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஈஸ்ட், லாக்டோபாசில்லஸ், பீடியோகாக்கஸ் என்ற இன்னொரு புளிப்பு பாக்டீரியா, பிரெட்டனோமைசிஸ் நான்கையும் ஒரே கார்பாயில் உயிரோடு விட்டுவிடுவது. யாரையும் கொதிக்க வைத்துக் கொல்வதில்லை. வையீஸ்ட் நிறுவனத்தின் ‘ரோசலாரே’, ‘லாம்பிக்’ கலவைகள் பையில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது பாட்டில் அடி மண்டி. பிரஸ்ஸல்ஸின் கான்டியோன், பேர்சலின் த்ரீ ஃபோன்டெய்னன் போன்ற மதுவடிப்பகங்களின் கூஸ் என்ற புளிப்பு பீர் பாட்டில்களில் உயிருள்ள உறை அடியில் தங்கியிருக்கும். பீரை மெதுவாகக் கிளாசில் ஊற்றிவிட்டு, கடைசி இரண்டு விரற்கடை மண்டியை அப்படியே கார்பாயில் சாய்த்துவிட வேண்டும். ஓர்வால் என்ற பெல்ஜிய பீரின் பாட்டில் மண்டியும் நல்லதுதான், ஆனால் அதில் பிரெட் (பிரெட்டனோமைசிஸின் சுருக்கப் பெயர்) உண்டு, புளிக்க வைக்கும் பாக்டீரியா இல்லை. பிரெட் வாசனை தரும், புளிப்புத் தராது.

உள்ளே நடப்பது முறை வைத்து நடக்கும். முதல் இரண்டு வாரம் சாதாரண ஈஸ்ட் எளிய சர்க்கரையைத் தின்று முடிக்கும். பிறகு மாதக்கணக்கில் பீடியோகாக்கஸ் புளிக்க வைக்கும். நாலாவது, ஐந்தாவது மாதத்தில் பீர் சில சமயம் விளக்கெண்ணெய் போல நூல் விட்டு ஊற்றும், வெண்ணெய் வாடையும் அடிக்கும். முதல் முறை பார்க்கிறவர் கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடுவார். கொட்டாதீர்கள். பிரெட் அந்தக் கொழகொழப்பையும் வெண்ணெய் வாடையையும் தின்று தீர்த்துவிடும். மற்ற ஈஸ்ட் தொட முடியாத நீண்ட சர்க்கரைகளையும் அது உடைக்கும். கெட்டில் சோரில் என்னை அழ வைத்த அந்த பியூட்ரிக் அமிலத்தைக்கூட அன்னாசிப்பழ வாசனையாக மாற்றும் வல்லமை பிரெட்டுக்கு உண்டு. அந்தக் கையாள் உயிரோடு இருப்பதுதான் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு. புளிப்பு ஒரே நாளில் வந்துவிடும். ஈரப் புல், எலுமிச்சைத் தோல், குதிரை லாயம், பழுத்த அன்னாசி, இதெல்லாம் வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும்.

1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் இந்த ஈஸ்ட்டைப் பிரித்து எடுத்தது நாட்பட வைத்திருந்த ஆங்கிலேய ஏல்களிலிருந்து. ‘பிரெட்டனோமைசிஸ்’ என்றால் பிரிட்டன் பூஞ்சை என்று பொருள். இங்கிலாந்தில் உட்கார்ந்து பெல்ஜியம் உறையை வளர்க்கும்போது எனக்கு அது அடிக்கடி ஞாபகம் வரும்.

இந்த வழியில் மூன்று விஷயங்களில் அலட்சியம் கூடாது. ஒன்று, காற்று. வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத மூடியான ஏர்லாக்கில் தண்ணீர் வற்றவிட்டால் பீர் வினிகராகும். மாதத்துக்கு ஒரு தடவை திறந்து ருசி பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். இரண்டு, குழாய்களும் வாளிகளும் தனியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கீறலில் பிரெட் ஒட்டிக்கொண்டால் அடுத்த பீரிலும் வந்து நிற்கும்.

மூன்றாவது பாட்டில். என் இரண்டாவது முயற்சியில் நாலு மாதத்திலேயே மீதிச் சர்க்கரையைக் காட்டும் அடர்த்திமானியான ஹைட்ரோமீட்டர் 1.010 காட்டியது. போதும் என்று சர்க்கரை சேர்த்து அடைத்துவிட்டேன். பிரெட் பாட்டிலுக்குள் வேலையைத் தொடர்ந்து 1.004 வரை இறக்கிவிட்டது. 0.002 இறங்கினாலே பீரின் அளவுக்குச் சமமான ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஆக, ஏற்கெனவே இருந்த இரண்டரை பங்கோடு இன்னும் மூன்று பங்கு. ஜூலை மாத இரவில் கராஜிலிருந்து முதல் சத்தம் கேட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஏழு பாட்டில் உடைந்திருந்தன, கண்ணாடித் துண்டு மரக் கதவில் குத்தி நின்றது. யாரும் உள்ளே இல்லாதது எங்கள் நல்ல காலம். அதற்குப் பிறகு, இரண்டு மாத இடைவெளியில் ஒரே அளவு இரண்டு தடவை வராமல் நான் அடைப்பதே இல்லை. பாட்டிலும் ஷாம்பெய்ன் போல் தடித்தது மட்டும்தான்.

நான்காவது வழி, எந்த உறையும் ஊற்றாமல் காற்றையே நம்புவது. நம் ஊரில் கள் இப்படித்தான் புளிக்கிறது. பாளையில் சொட்டும்போதே ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கலயத்துக்குள் வந்துவிடும். பெல்ஜியத்தில் லாம்பிக் என்ற இயற்கைப் புளிப்பு பீர் காய்ச்சுகிறவர்கள் பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள செனே பள்ளத்தாக்கில் கொதித்த வோர்ட்டை அகலமான ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். முளைகட்டாத கோதுமை மூன்றில் ஒரு பங்கு, வருஷக்கணக்கில் பழையதாக்கிய ஹாப்ஸ், அப்புறம் மரப்பீப்பாய். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சுவார்கள். வெயில் காலக் காற்றில் வேண்டாத கிருமி அதிகம். கூஸ் என்பது ஒன்று, இரண்டு, மூன்று வருஷ லாம்பிக்கைக் கலந்து அடைப்பது.

வீட்டில் இதை அப்படியே செய்ய முடியாது. 20 லிட்டர் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். மூன்று வருஷப் பீப்பாய்களை அடுக்கி வைத்துக் கலந்து பார்க்க யாரிடம் இடம் இருக்கிறது? ஒரு கார்பாய் தவறினால் ஒன்றரை வருஷம் வீண். நான் செய்வது வேறு. நவம்பர் இரவில் கால் லிட்டர் ஜாடிகள் ஆறில் நீர்த்த வோர்ட்டை ஊற்றி, 4.5க்குப் புளிப்பேற்றி, கொஞ்சம் ஹாப்ஸ் போட்டு, மெல்லிய துணி கட்டி ஆப்பிள் மரத்தடியில் வைப்பேன். காலையில் எடுத்து ஏர்லாக் பொருத்துவேன். ஒரு மாதம் வரை வாயில் வைப்பதில்லை. நிறத்தோடு பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்தால் அந்த ஜாடி குப்பைக்கு. போன வருஷம் ஆறில் மூன்றைக் கொட்டினேன், ஒன்றில் ஒன்றும் வளரவில்லை, ஒன்று வெறும் ரொட்டி வாசனை. ஆறாவதில் பேரிக்காய்த் தோலும் மிளகும் கலந்த ஒரு வாசனை இருந்தது.

புதிதாக வருகிறவருக்கு என் யோசனை இதுதான். கோடை விருந்துக்கு வேண்டும் என்றால் கெட்டில் சோர். பாத்திரமும் இடமும் குறைவென்றால் பிலி சோர். ஒரு மூலையும் ஒரு கண்ணாடிக் கார்பாயும் ஒதுக்க முடிந்தால், முதல் நாளே ஒரு கலப்பு உறையை ஊற்றி வைத்துவிடுங்கள். அது ஊறும் வருஷத்தில் மற்றவற்றைப் பழகிக்கொள்ளலாம். தயாரானதும் மொத்தத்தையும் அடைக்காமல் மூன்றில் ஒரு பங்கைக் கார்பாயிலேயே விட்டு, மேலே புது வோர்ட் ஊற்றுங்கள். உறை சாகாது, அடுத்தது இன்னும் சீக்கிரம் வரும்.

பதினான்கு மாதக் கார்பாயில் போன ஞாயிறு 1.003. அந்த ஆறாவது ஜாடியை இதில்தான் சேர்த்திருக்கிறேன். ஜூனில் மறுபடி பார்க்க வேண்டும்.