மூன்வெயில் வாளுக்கு 25 லெவல் கிடையாது: காரைக்குடியில் 2,500 ரூபாய் வாங்கி ஏமாற்றிய கடை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் எல்டன் ரிங் என்ற கணினி விளையாட்டை விளையாடும் பிள்ளைகளும் அவர்களுடைய வீட்டாரும் இதைப் படியுங்கள். காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில், விளையாட்டில் உள்ள வாளின் பலத்தை முழு லெவலுக்கு ஏற்றித் தருகிறோம், லெவலுக்கு 100 ரூபாய் என்று சொல்லி மாணவர்களிடம் பணம் பறிக்கிறார்கள். ஹார்டு டிஸ்க் மாற்றக் கொடுத்த என் அக்கா மகனிடமும் அதையே சொல்லி, 25 லெவலுக்கு 2,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அவன் அந்த விளையாட்டில் வைத்திருந்தது மூன்வெயில் என்ற வாள். அந்த வாளுக்கு மொத்தமே 10 லெவல்தான்.

2022இல் வெளிவந்த அந்த விளையாட்டில் ஆயுதங்கள் இரண்டு வகை. உச்சிகட்டானா என்ற வாளைப் போன்ற சாதாரண ஆயுதங்கள் +25 வரை, அதாவது 25 லெவல் வரை போகும். +24 வரை ஏற்ற ஸ்மித்திங் ஸ்டோன் என்ற கற்கள் 96 வேண்டும். கடைசிப் படிக்கு ஏன்ஷியன்ட் டிராகன் ஸ்மித்திங் ஸ்டோன் ஒன்று. மூன்வெயில் போன்றவற்றுக்கு சோம்பர் வகைக் கல், லெவலுக்கு ஒன்றே ஒன்று. +10 வந்ததும் முடிந்தது. இல்லாத 15 லெவலுக்கு 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள்.

இன்னும் கொடுமை, அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்த வேலை. விளையாட்டில் அவன் எட்டிய நிலை பதிவாகியிருக்கும் சேவ் ஃபைலைத் திருத்தி, வாளுக்குப் பக்கத்தில் +25 என்று எண்ணை மாற்றி வைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆயுதம் அந்த விளையாட்டிலேயே கிடையாது. வீட்டுக்கு வந்து திறந்ததும் ஆன்லைன் பகுதி தடைபட்டுவிட்டது. கூட்டாளிகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லை. விளையாட்டின் கேலிட் பகுதியில் கேல் டனல் என்ற சுரங்கத்தில் இருக்கும் மாக்மா வெர்ம் என்ற அரக்கனைக் கொன்று அவனே பெற்ற வாள் அது. அதைப் பிடிக்க விளையாட்டுப் பாத்திரத்தின் இன்டெலிஜென்ஸ் என்ற திறன் 23 வேண்டும் என்பதற்காகப் பொறுமையாக ஏற்றிக்கொண்டு வந்தவன். "மாமா, என் வாள் என்னுடையதாகவே இல்லை" என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

நேரில் போய்க் கேட்டேன். "அண்ணே, பொம்மை வாளுக்குப் போய் வெயிலில் வந்து நிற்கிறீர்களே" என்றார் கடைக்காரர். பொம்மை என்று தெரிந்தவர் ஒரு மாணவனிடம் 2,500 ரூபாய் ஏன் வாங்கினார்? பழைய ஹார்டு டிஸ்க்கைத் திருப்பிக் கேட்டால், முழுவதும் அழித்துக் கொடுத்தார்கள். பழைய சேவ் ஃபைலும் அதோடு போயிற்று. பில் கேட்டதற்குப் பதிலே இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் காசு பிசகாமல் பேரேடு எழுதிய ஊர் இது; இங்கே ஒரு துண்டுச் சீட்டுக்கூடத் தராமல் பணம் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகளே, இதற்குக் கடைக்காரர் எதற்கு? மூன்வெயில் கிடைக்கும் அதே கேலிட்டில் செலியா கிரிஸ்டல் டனல் இருக்கிறது. அங்கே ஃபாலிங்ஸ்டார் பீஸ்ட் என்ற மிருகத்தை வென்றால், கடையில் சோம்பர் கற்களை விற்க வைக்கும் சோம்பர்ஸ்டோன் மைனர்ஸ் பெல் பேரிங் என்ற பொருள் கிடைக்கும். அதை ரவுண்டேபிள் ஹோல்டில் இருக்கும் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸ் என்ற வியாபாரிகளிடம் கொடுத்தால் முதல் இரண்டு வகைச் சோம்பர் கற்களை விளையாட்டுக்குள்ளேயே சம்பாதிக்கும் ரூன் என்ற காசு கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். அடுத்த பெல் பேரிங் ஆல்டஸ் டனலில். கற்களோடு ஹ்யூக் என்ற கொல்லரிடம் போனால் அவரே லெவலை ஏற்றித் தருவார். அதற்கு ஆகும் செலவும் ரூன்தான், ரூபாய் அல்ல.

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் ஆப்டேட்டா, ரோமிங் என்று உள்ளே போய் சேவ் ஃபைல் இருக்கும் எல்டன்ரிங் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டை வாங்கிய ஸ்டீம் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டே கொடுங்கள். கடவுச்சொல்லைக் கேட்டால் கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பணம் யுபிஐயில் போனதால் அந்த ரசீது எங்களிடம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். இதே முறையில் பணம் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் ரசீதையும் திருத்தப்பட்ட வாளின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். நீங்களும் அதே எண்ணில் புகார் கொடுங்கள்.