நாலரை லிட்டர் பீர் பெட்டியும் அதற்குள் இருந்த 23 லிட்டர் குறிப்பும்

கடந்த நவம்பரில், இங்கிலாந்தில் இணையவழி விற்கும் ஒரு கடையிலிருந்து, வீட்டிலேயே பீர் காய்ச்சுவதற்கான சிறிய கிட் ஒன்றை 42 பவுண்டு கொடுத்து வாங்கினேன். பெட்டி வந்த 24ஆம் நாள் இரவு இரண்டரை மணிக்கு, சமையலறை அலமாரிக்குள் ஒரு கண்ணாடி பாட்டில் வெடித்தது. யாருக்கும் காயமில்லை. பகலில் அதே அலமாரியைத்தான் என் மகள் பிஸ்கட்டுக்காகத் திறப்பாள் என்பதால் இதை எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. இத்தகைய பெட்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச ஒரு காலத்தில் உரிமம் தேவைப்பட்டது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கியதிலிருந்து, விற்காத வரையில் வீட்டுத் தேவைக்கு எவரும் காய்ச்சிக்கொள்ளலாம். (தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் தராது, ஊருக்கு வரும்போது ஒரு கிட் வாங்கி வரச் சொல்லும் நண்பர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.) இங்கே வழக்கமான கிட் 40 பைன்ட், அதாவது 23 லிட்டர். நிரம்பிய வாளி 25 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதாலும், எங்கள் கிழக்கு லண்டன் அடுக்ககத்தில் அதை வைக்க இடமில்லை என்பதாலும், கெட்டுப்போனால் நாற்பது பைன்டையும் சாக்கடையில் ஊற்ற வேண்டியிருக்கும் என்பதாலும், ஒரு கேலன், அதாவது நாலரை லிட்டர் காய்ச்சும் சிறிய கிட்டைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

விளம்பரப் படத்தில் கண்ணாடிக் குடுவை, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி), மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட், வெப்பமானி ஆகியவற்றோடு ஹைட்ரோமீட்டரும் அழகாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வந்த பெட்டியில் மற்றவையெல்லாம் இருந்தன, ஹைட்ரோமீட்டர் இல்லை. கேட்டபோது, படம் மாதிரிக்கு மட்டுமே என்று பக்கத்தின் அடியில் எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் அந்தக் கருவி இல்லாமல், நொதித்தல், அதாவது ஈஸ்ட் சர்க்கரையை மதுவாகவும் வாயுவாகவும் மாற்றும் வேலை, முடிந்ததா இல்லையா என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு அளவைக்கும் ஏறத்தாழ 100 மில்லி எடுக்க வேண்டியிருப்பதால், நாலரை லிட்டர் காய்ச்சுபவர்கள் அதைத் தவிர்க்கவே விரும்புவார்கள் என்று கடைக்காரர் விளக்கம் தந்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் ஏற்றுக்கொண்டேன், அது என் முதல் தவறு.

அரைத்த மால்ட்டை இரண்டு தானிய மணி வாயில் போட்டுப் பார்த்தேன். புதிய மால்ட் மொறுமொறுவென்று உடைந்து, பின் நாக்கில் இனிப்பு ஊறும். இதுவோ மழைக்காலத்தில் டப்பாவை மூடாமல் விட்ட பொரியைப் போல நமுத்துப்போயிருந்தது. ஹாப்ஸ், காற்று நீக்கிய அலுமினியத்தாள் உறையில் வர வேண்டியது, சாதாரண ஜிப் பையில் வந்தது. பையைப் பிரித்ததும் நாள்பட்ட சீஸின் நெடி அடித்தது. பச்சையாக இருக்க வேண்டிய துகள்கள் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தன. ஹாப்ஸில் உள்ள கசப்பு அமிலங்கள் காற்றுப் பட்டுச் சிதையும்போது எழும் நெடி அது என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, ஹாப்ஸின் மணமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுவிட்டேன்.

ஈஸ்ட் விஷயத்தில் அப்படி நினைத்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. உறையைக் கத்தரிப்பதற்கு முன் கிருமிநீக்கி கலந்த தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்ததால் அப்படியே செய்தேன். கடையின் பெயரும் அடுத்த ஆண்டுத் தேதியும் அச்சிட்ட ஒட்டுத்தாளின் ஒரு முனை தண்ணீரில் ஊறி மேலெழுந்தது. விரலால் தொட்டவுடன் முழுவதுமாக வழுக்கி வந்தது. அடியில் தயாரிப்பாளர் அச்சிட்டிருந்த உண்மையான தேதி, பதினெட்டு மாதங்களுக்கு முன்பே கடந்துபோயிருந்தது. இரவு ஒன்பது மணி, காய்ச்சிய சாறு ஆறிவிட்டது, வேறு ஈஸ்ட் கையில் இல்லை. ஒட்டுத்தாளையும் உறையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதையே தூவினேன்.

பழைய ஈஸ்ட்டில் உயிரோடு இருக்கும் செல்கள் குறைவு என்பதால், நுரை எழும்பவே மூன்று நாட்களாயின. பதினான்காம் நாள் ஏர்லாக்கில் குமிழிகள் நின்றன. குமிழி நின்றால் நொதித்தல் முடிந்துவிட்டதாக அந்தக் கையேடு சொல்கிறது. எங்கள் வீடு அப்போது 15 பாகை செல்சியஸில் இருந்தது, குளிரில் ஈஸ்ட் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டாலும் குமிழி நிற்கும் என்பதை அது சொல்லவில்லை.

கையேட்டைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிக்க வேண்டும். அட்டையில் நாலரை லிட்டர் என்று இருந்தது, உள்ளே தண்ணீர் அளவும் அதற்கேற்பத் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் பாட்டிலில் அடைப்பதற்கு முன், வாயு உருவாவதற்காகச் சேர்க்க வேண்டிய சர்க்கரை 140 கிராம் என்று அச்சிடப்பட்டிருந்தது. அது 23 லிட்டருக்கான அளவு. லிட்டருக்கு ஆறு முதல் ஏழு கிராம் சாதாரணச் சர்க்கரையே போதுமானது; அடிவண்டலை நீக்கியபின் என்னிடம் மிஞ்சிய நான்கு லிட்டருக்கு 28 கிராமைத் தாண்டியிருக்கக் கூடாது. முதல்முறை காய்ச்சுபவனுக்கு அது தெரியாது என்பதால்தானே கையேடு வைக்கிறார்கள்? தராசில் 140 கிராமை நிறுத்துக் கரைத்து, எட்டு அரை லிட்டர் பாட்டில்களில் நிரப்பி மூடியிட்டு, அலமாரியில் அடுக்கினேன்.

பாட்டிலில் அடைத்த ஏழாம் நாள் இரவு முதல் பாட்டில் வெடித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்து விளக்கைப் போட்டபோது, அலமாரிக் கதவின் இடுக்கிலிருந்து நுரை வழிந்துகொண்டிருந்தது. உள்பக்கப் பலகையில் விரல்நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று குத்திட்டு நின்றது. லெஸ்டரில் பல ஆண்டுகளாகக் காய்ச்சிவரும் என் மனைவியின் அண்ணனை அந்த நேரத்திலேயே எழுப்பினேன். “மாப்பிள்ளை, எதையும் தொடாதீங்க. முதல்ல கதவைச் சாத்துங்க, சமையலறை ஜன்னலைத் திறந்து விடுங்க,” என்றார். குளிர்ந்தால் வாயு திரவத்துக்குள் அடங்கி அழுத்தம் குறையும் என்பது அவர் சொன்ன காரணம். விடிவதற்குள் இன்னொன்று வெடித்தது. மறுநாள் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் கம்பளிக் கோட்டும் அணிந்து, மீதி ஆறையும் கனத்த துண்டால் போர்த்தி பால்கனிக்குக் கொண்டுபோய், உறைபனியில் ஓர் இரவு விட்டபின், துண்டுக்கு அடியிலேயே ஒவ்வொரு மூடியாக மெல்ல நெகிழ்த்தினேன். பீர் என்று சொல்லத்தக்கதாக எதுவும் மிஞ்சவில்லை.

கடைக்கு மறுநாளே படங்களோடு எழுதினேன். பாட்டில்களை நான் சரியாகக் கழுவாததால் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கும் என்றும், திறந்த உணவுப்பொருளைத் திரும்பப் பெற இயலாது என்றும் மூன்றாம் நாள் பதில் வந்தது. தொற்றினாலும் பாட்டில் வெடிக்கலாம் என்பது உண்மைதான். அதற்காக 140 கிராம் 28 கிராம் ஆகிவிடாது. இரண்டாவது வாதத்தில் ஒரு சூழ்ச்சி இருந்தது. மனம் மாறி 14 நாளுக்குள் திருப்பித் தர 2013ஆம் ஆண்டின் விதிமுறைகள் அளிக்கும் உரிமைக்குத்தான் அழுகும் பொருள், முத்திரை உடைத்த பொருள் போன்ற விலக்குகள் உண்டு. பொருளே குறையுள்ளதாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம், பெட்டியைத் திறந்திருந்தாலும்கூட. இதை எழுதியபின் அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை.

விலை 100 பவுண்டுக்குள் இருந்ததால், கிரெடிட் கார்டில் வாங்கியதற்கு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு எனக்குப் பயன்படாது. டெபிட் கார்டில் செலுத்தியிருந்ததால் செலுத்திய பணத்தைக் கடையிடமிருந்து மீட்டுத் தரும் சார்ஜ்பேக்கை வங்கியிடம் கோரினேன். ஒட்டுத்தாளின் படமும் கையேட்டுப் பக்கத்தின் படமும் இருந்ததால் ஐந்து வாரங்களில் 42 பவுண்டும் திரும்பின. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தேன். அவர்கள் வழியாகத்தான் வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்குத் தகவல் போகும்.

வாங்க நினைப்பவர்கள், பெட்டிக்குள் இருப்பவற்றின் எழுத்துப் பட்டியலைப் படத்தோடு ஒப்பிடுங்கள்; ஈஸ்ட் உறையில் கடையின் ஒட்டுத்தாள் இருந்தால் முதல் வேலையாக அதை உரியுங்கள்; ஜிப் பையில் வரும் ஹாப்ஸை முகர்ந்து பார்த்துவிட்டு, நாறினால் பாத்திரத்தில் போடாமல் படமெடுத்துத் திருப்பி அனுப்புங்கள். ஹைட்ரோமீட்டரைத் தனியாக வாங்கி, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாக இருந்தால் மட்டும் பாட்டிலில் அடையுங்கள். எனது அடுத்த கேலனின் அடர்த்தி 1.045இல் தொடங்கி 1.011இல் நின்றது, அதை அளப்பதற்குச் செலவான 300 மில்லியை நான் இழப்பாகக் கருதவில்லை, ஏனென்றால் அளந்ததைக் குடித்துவிட்டேன். முதல் சில முறை கண்ணாடியை விட்டு பிளாஸ்டிக் சோடா பாட்டில்களில் அடைப்பது நல்லது, அமுக்கிப் பார்த்தே அழுத்தத்தை அறியலாம்.

கையேட்டின் பிழையைத் திருத்துமாறு, பணம் திரும்பிய பிறகும் ஒருமுறை அந்தக் கடைக்கு எழுதியிருந்தேன். உரிய பிரிவுக்கு அனுப்பிவிட்டதாக நன்றியோடு பதில் வந்தது. சென்ற வாரம் என்னுடன் வேலை செய்யும் ஒருவர் அதே பெட்டியைப் பரிசாகப் பெற்று, கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். 140 கிராம் அப்படியே இருக்கிறது.