விண்டோஸ் 11: தோட்டப்புறத்துக் கணினிக்கு ஒத்துவருமா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் போட்டோஸ்டாட் கடை, ஆலய அலுவலகம், தோட்ட ஆபீஸ் எங்கு போனாலும் 11-க்கு மாறலாமா என்ற கேள்விதான். மாறலாம். ஆனால் வந்த கோலத்திலேயே விட்டுவிடாதீர்கள். புதுக் கணினியும் அறுபடாத இணையமும் இருப்பவர்களை மனத்தில் வைத்து அமைத்த மென்பொருள் இது. முதல் நாளே சிலவற்றை மாற்றாவிட்டால் மாதம் தவறாமல் எரிச்சல் கொடுக்கும்.

முதலில் கணினி. இந்தப் பக்கம் அதிகம் கைமாறுவது கம்பெனிகள் கழித்துவிட்ட மடிக்கணினிகள். “விண்டோஸ் 11 போட்டாச்சு” என்று கடைக்காரர் சொன்னால் போதாது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் திறந்து செயலியின் (ப்ராசசரின்) பெயரைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, தாராளமாக வாங்கலாம். ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்ற மைக்ரோசாப்டின் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றி விற்றிருப்பார்கள், ஓடவும் ஓடும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு அதற்குத் தானாக வராது. ஹோம், ப்ரோ இரண்டிலும் ஒரு பதிப்புக்கு ஆதரவு 24 மாதம் மட்டுமே என்பதால், சீக்கிரமே மறுபடி கடைக்கு நடக்க வேண்டிவரும். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் இல்லை என்று திரையில் வந்தால் மட்டும் உடனே கைவிட வேண்டாம். பயாஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்பில், அணைத்து வைத்திருக்கலாம். இன்டெல் மதர்போர்டில் பிடிடி, ஏஎம்டி மதர்போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். இயக்கிவிட்டுப் பாருங்கள்.

ரேம் 4 ஜிபி போதும் என்கிறது மைக்ரோசாப்ட். போதாது, 8 வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம். அப்டேட், வைரஸ் சோதனை, கோப்புத் தேடலுக்கான அட்டவணை மூன்றும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை டிஸ்க்கைப் பிடித்து இழுக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றுவிடும். சுழலும் தகடில்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி மாற்றினால் தீரும், வேறு மருந்தில்லை.

அடுத்தது அப்டேட். மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்கள் அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் வெளியாகின்றன. நமக்கு அது புதன் விடியற்காலை ஒரு மணி, இரண்டு மணி. அதனால்தான் அந்தப் புதன்கிழமை கடை திறந்ததும் கணினி இழுத்தடிக்கிறது. கூட்டம் சேரும் நாளில் இது வேண்டாமென்றால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘பாஸ்’ கொடுத்து ஐந்து வாரம் வரை தள்ளி வைக்கலாம். தள்ளலாமே தவிர, தவிர்க்கக் கூடாது. தமிழ்ப்பள்ளி போலப் பல கணினிகள் உள்ள இடத்தில் அப்டேட்டைக் கணினிகளுக்குள் பகிரும் அமைப்பான டெலிவரி ஆப்டிமைசேஷனை ‘லோக்கல் நெட்வொர்க்’ என்று வையுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கணினியை விரைவாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அமைப்பு இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான உட்கருவின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழுகிறது. நேற்றைய கோளாறும் கூடவே எழும். ‘ரீஸ்டார்ட்’தான் உண்மையான புதுத் தொடக்கம்.

பிரிண்டர்தான் இந்த மென்பொருளின் பெரிய பலவீனம். மாலை இடிமழையில் மின்சாரம் போய் வந்தால் ரௌட்டர் மறுபடி எழுந்து வைஃபை பிரிண்டருக்கு வேறு நெட்வொர்க் முகவரி கொடுத்துவிடலாம். விண்டோஸ் பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டிருந்து ‘ஆஃப்லைன்’ என்று சொல்லும். ரௌட்டரில் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள், அல்லது யூஎஸ்பி கம்பி போடுங்கள். கடைக்குக் கம்பிதான் நல்லது. அச்சு வரிசையில் ஒன்று சிக்கி, அழித்தாலும் ‘டிலீட்டிங்’ என்றே நின்றால், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலர் அந்தக் கோப்பை விடாமல் பிடித்திருக்கிறது என்று பொருள். சர்வீசஸ் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போனால் அச்சுக்கு இரண்டு கோப்பு வீதம் கிடக்கும்: ஒன்று எஸ்பிஎல், ஒன்று எஸ்எச்டி. அவற்றை மட்டும் அழியுங்கள், கோப்புறையைத் தொடாதீர்கள். பிறகு ஸ்பூலரை இயக்கி, மறுபடி அச்சுக்கு அனுப்பினால் வரும். இரண்டு பிரிண்டர் வைத்திருப்போர், இயல்பு பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசியாகப் பயன்படுத்தியதற்கே அது தாவும், கறுப்பு வெள்ளை நகல் வண்ண இயந்திரத்தில் போய் மையைத் தின்னும்.

மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் செய்வது சரியில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் மேகத்துக்கு ஏற்றப் பார்க்கிறது. இலவச இடமோ 5 ஜிபிதான். திருவிழாப் படங்களே அதை நிரப்பிவிடும். நிரம்பினால் அதே கணக்கின் அவுட்லுக் மின்னஞ்சலும் நின்றுபோகலாம். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் ‘மேனேஜ் பேக்கப்’ போய் நிறுத்தலாம். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் பத்திரமாக இருக்கும்.

தமிழில் எழுதுவோருக்கு இதில் குறை சொல்ல இடமில்லை. தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. தமிழ் மொழியைச் சேர்த்துவிட்டு, கீபோர்டு பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்தால் போதும், தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். பழைய ஆலய அறிக்கைகளை லதா எழுத்துருவில் வைத்திருப்போர் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பக்கத்தில் தமிழ் எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்க அமைப்பு குலையாது.

கணினி மாற்ற இப்போது வசதியில்லாதவர்கள் விண்டோஸ் 10-இலேயே இருக்கலாம். அது 22எச்2 பதிப்பாக இருந்து, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால், 2026 அக்டோபர் 13 வரை கட்டணமின்றிப் பாதுகாப்புத் திருத்தம் வரும். பதிவு செய்யும் சுட்டி விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கிறது.